மூத்தாள்

ஜனவரி 6

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் போனதற்கு இரண்டு வரி, வண்டிக்கு இரண்டு பக்கம். அந்த இரண்டு வரியிலும் ஒன்று, ஷெட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. என்னிடம்தான் இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கு.

பிளாஸ்டிக் போட்டு மூடாதே, உள்ளே வியர்க்கும், பருத்தித் துணி போடு என்கிறாய். ஜாக்கி வைத்து நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்கிறாய். ஒரே நிலையில் நின்றால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடுமாம். கடைசி மூன்று மாதம் அவர் ஒரே பக்கமாகக் கிடந்து முதுகெல்லாம் புண்ணானபோது இப்படி ஒரு குறிப்பு எழுத உனக்குக் கை வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், செத்த பிறகாவது வந்து எட்டிப் பார்த்திருக்கலாம்.

மூத்தாள் நன்றாகத்தான் இருக்கிறாள். என்னைக் கட்டுவதற்கு முன்பே வாங்கிய வண்டி என்று அவர் வைத்த பெயர் இன்னும் இந்த வீட்டில் அப்படியே இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் முதலில் அதைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, "இவ மூத்தா, அவ இளையா" என்று சிரிப்பார். பக்கத்தில் நின்று நீயும் சிரிப்பாய்.

விசேஷங்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் ஒருவன் நேற்று வந்து பார்த்தான். எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பானாம், கூரையை அறுத்துவிடுவானாம். "மேல தெறந்துட்டா பொண்ணும் மாப்பிள்ளையும் நின்னுக்கிட்டே கை ஆட்டலாம்மா" என்றான். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மாத முடிவில் கொடுக்கப்போகிறேன்.

போனில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

இப்படிக்கு,
இளையாள்


ஜனவரி 13

பாப்பா,

கூரையை அறுப்பான் என்று படித்ததும் ஒர்க்‌ஷாப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துப்போனதாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். வந்து, அவர் முகத்தைப் பார்த்து, எனக்கு அழுகை வராமல் போயிருந்தால் உனக்குத்தான் அசிங்கம். பன்னிரண்டு வருஷம் அந்த ஷெட்டில் கிடந்தேன். நான் கை வைக்கும்போது துருப்பிடித்த இரும்புக் கூடாகிப்போயிருந்த வண்டி அது. ஒவ்வொரு நட்டையும் கழற்றிக் கழுவி, எண் போட்டு, திருப்பி மாட்டியவன் நான். யாராவது பார்க்க வந்தால் "இவர் என் மெக்கானிக்" என்பார். மச்சான் என்ற வார்த்தை ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. நீயும் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாய்.

அதை விடு. இப்போது உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அறுபத்தொன்று. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு ஸ்க்ரூவை அதன் துளையில் நேராக வைக்க இரண்டு தடவை, மூன்று தடவை ஆகிறது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார். மார்ச்சோடு கிளம்பச் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், எங்கே போவேன்? அதனால்தான் மூத்தாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "அப்படி ஒரு வண்டிய நீங்களா பண்ணீங்க?" என்றார். பிடித்திருந்தால் அவரே வாங்கி மார்ச் கண்காட்சியில் நிறுத்துவார். முதல் பரிசு வந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு என்னைத் தலைவனாக்கி, தங்க இடமும் கொடுத்து வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

முதலில் படம் கேட்கிறார். வெளியே நாலு, எஞ்சின் இரண்டு, மீதியெல்லாம் உள்ளே இருக்கும் மரம். டேஷ்போர்டு, நாலு கதவின் உள்பக்கம். ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, பகலில், கதவைத் திறந்து வைத்து எடு. அவளுக்கு அதுதான் நகை.

அவனுக்குக் கொடுத்துவிடாதே. உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

அண்ணன்


ஜனவரி 21

அண்ணாவுக்கு,

படங்கள் இதோடு இருக்கின்றன. நன்றாகவே வந்திருக்கின்றன.

அந்த வண்டியில் நான் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன், கல்யாணமான புதிதில். உட்காரப் போனேன், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி சீட்டில் செய்தித்தாள் விரித்தார். அதற்குப் பிறகு நான் ஷெட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. உனக்கும் அது தெரியும். ரொம்ப நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நீ சொன்னபடி மெல்லிய துணி எடுத்துக்கொண்டு இடது பின்கதவைத் துடைத்தேன். மரத்துக்குள்ளிருந்து ஒரு முகம் என்னைப் பார்த்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. மாறுகண்ணன். அம்மாவின் மர பீரோக் கதவில் இருந்த கணுக்களுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். "சாப்பிடலேன்னா மாறுகண்ணன் வருவான்" என்று என்னை மிரட்டியதும் நீதான். மரத்தைத் தாள் தாளாகச் சீவி, புத்தகத்தை விரித்ததுபோல் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கிறாய். இப்போது நாலு கதவிலும் நாலு மாறுகண்ணன்கள். வலது கதவில் வலப்பக்கம் பார்க்கிறான், இடது கதவில் இடப்பக்கம் பார்க்கிறான். உன் கைத்திறமையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வயிற்று ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று கொல்லையில் புகைந்துகொண்டிருந்தது. பீரோவைக் கரையான் அரித்துவிட்டது, வீடு முழுக்கப் பரவும் முன் எரித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். அந்தச் சாம்பலை அள்ளி ரோஜாச் செடிக்குப் போட்டேனே, எதை எரித்தீர்கள்?

உனக்கு மறந்திருந்தால் எழுதுகிறேன். அப்பா குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டதும் அம்மா நம் இரண்டு பேரையும் அந்த பீரோவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். நீ என் வாயைப் பொத்திக்கொண்டு, என் உச்சந்தலையில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இந்த உலகத்தில் எனக்குப் பயமே இல்லாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். கல்யாணமாகிப் போகும்போது அம்மாவிடம் நான் கேட்டு வாங்கியதும் அது ஒன்றுதான். அவர் மூத்தாளோடு ஷெட்டிலேயே கிடந்த நாட்களில் அதன் கதவைத் திறந்து, துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இத்தனை வயசுக்கு மேல். வேண்டுமானால் இதற்கும் சிரித்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். யோசனை யாருடையது? அவருடையது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. நானும் நம்பிவிடுகிறேன்.

தங்கை


ஜனவரி 29

பாப்பா,

செத்தவர்மேல் போட்டுவிடலாம் என்று நீயே வழி சொல்லிக்கொடுக்கிறாய். வேண்டாம். யோசனை என்னுடையது.

கரையான் அரித்தது வண்டியின் மரத்தை. கம்பெனி போட்ட மரம் தொட்டால் உதிர்ந்தது. அந்த வயசில், அந்த ரேகையோடு ஒரு மரம் தேடி இரண்டு வருஷம் அலைந்தோம். உன் அறையில் ஃபேன் மாட்ட வந்தபோது பீரோக் கதவைப் பார்த்தேன். அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா" என்று அவர் பயந்தார். "தெரியாது. அவ வண்டியில ஏறவே மாட்டா" என்று சொன்னது நான். கொல்லையில் எரித்தது வண்டியின் உளுத்த மரத்தை. போதுமா?

உன்னிடமே படம் எடுக்கச் சொன்னேனே என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன். அப்போது தோன்றவே இல்லை. எனக்கு அது பீரோவாக இல்லாமல் போய்ப் பத்து வருஷமாகிறது. அது என் வேலை, நான் செய்ததிலேயே நல்ல வேலை.

உனக்குப் பயமில்லாத இடம் என்று உருகுகிறாய். உனக்கு நாலு வயசு. உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவாய். எனக்கு ஒன்பது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அந்த பீரோவில் சாய்ந்துகொண்டுதான் அடி வாங்குவாள், நாம் உள்ளே இருப்பது தெரியக்கூடாது என்று. ஒவ்வொரு அடியும் பலகை வழியாக என் முதுகுக்கு வரும். அந்தப் பெட்டியை அறுத்துப் போடவேண்டும் என்று நாற்பது வருஷம் காத்திருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்தபோது ரம்பத்தை வைத்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்த மரத்தையும் அறுத்ததில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். படம் பார்த்து முதலாளி அசந்துவிட்டார். அவருடைய ஆள் பிப்ரவரி 9 அங்கே வருகிறார். மரம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு பழைய வண்டியில் மரம் மாறாமல் இருப்பதுதான் அதிசயம், பரிசே அதற்குத்தான். பிறகு வைத்த மரம் என்று தெரிந்தால் மூத்தாள் பத்தோடு பதினொன்று, நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன். என்னை அன்றைக்கே தெருவில் நிறுத்துவார்கள். அதன் பிறகு ஸ்கூட்டருக்குப் பங்ச்சர் ஒட்டக்கூட எவனும் கூப்பிடமாட்டான்.

அவர் கேட்டால் வாயைத் திறக்காதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 18

அண்ணாவுக்கு,

உங்கள் ஆள் வந்தார். கையில் பேனா அளவுக்கு ஒரு விளக்கு, கண்ணில் நகைக்கடைக்காரர் வைத்துக்கொள்ளும் கண்ணாடி. அரை நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். அவர் செய்தித்தாள் விரிக்காமல் உட்கார்ந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மாறுகண்ணனை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த மரம் மொதல்லேர்ந்து இதேதானாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க, என் வீட்டுக்காரர் கைபடாம வச்சிருந்தாரு. என்னைக்கூட தொட விடமாட்டாரு" என்றேன். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நீ வாயைத் திறக்காதே என்றுதான் கேட்டாய். நான் திறந்து, உன்னைவிட நன்றாகவே பொய் சொன்னேன்.

பதினைந்தாம் தேதி லாரி வந்தது. ஆறு பேர் சேர்ந்து கயிறு கட்டி ஏற்றினார்கள். முப்பது வருஷம் இந்த வீட்டில் இருந்தவள், வாசலைத் தாண்டும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷெட் காலியாக இருக்கிறது. நடுவில் எண்ணெய்க் கறை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

போகும்போது அவர் கண்காட்சி அழைப்பிதழ் ஒன்று கொடுத்தார். பளபளவென்று இருக்கிறது. பின்பக்கத்தில் நடுவர்கள் பெயர், படிப்பு, விலாசம் எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். நான் எங்கே வரப்போகிறேன்? இருந்தாலும் தூக்கிப் போடவில்லை.

கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்.

தங்கை


மார்ச் 15

என் பாப்பாவுக்கு,

முதல் பரிசு! நேற்று மாலை. நாற்பத்திரண்டு வண்டிகளில் முதல் பரிசு. நடுவர் தலைவர் நாலு கதவையும் திறந்து வைத்து, இப்படி ஒரு மரத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை என்று மைக்கில் சொன்னார். முதலாளி என் தோளில் கை போட்டு மேடைக்கு இழுத்துப்போனார். "இவர்தான் பண்ணாரு" என்றார். என் பெயரைச் சொன்னார் பாப்பா, முழுப் பெயரை. கீழே இறங்கும்போது கால் பின்னி விழப்பார்த்தேன்.

இன்றைக்குக் காலையில் எழுந்ததும் உன் ஞாபகம்தான். உன்னிடம் மன்னிப்புக் கேட்காமல் எனக்கு இந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. ஜனவரியில் நான் எழுதியது முழு உண்மையில்லை. பீரோவுக்குள் நான் இருந்தது உன்னைப் பார்த்துக்கொள்ள இல்லை. அம்மா உன்னை மட்டும்தான் உள்ளே தள்ளுவாள். என்னைப் பார்த்து, "நீ ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வாடா" என்பாள். ஒன்பது வயசு, ஓடியிருக்கலாம். பக்கத்து வீடு இருபது அடி. நான் ஓடாமல் உன் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். உன் வாயைப் பொத்தியதும் என் பயத்துக்குத்தான். நீ அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அந்த மரத்தை அறுத்தால் இதெல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அதையும் அறுத்து, உனக்கு இருந்த ஒன்றையும் இல்லாமல் பண்ணிவிட்டேன்.

மன்னித்துவிடு. என்னிடம் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

முதலாளி ஒர்க்‌ஷாப் மாடியில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார். ஜன்னல் இருக்கிற அறை உனக்கு. அந்தக் காலி ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நீ ஏன் தனியாக இருக்கவேண்டும்? நமக்கு இனி நாம் இரண்டு பேர்தான். வந்துவிடு. இந்த மாதக் கடைசியில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 16

அண்ணாவுக்கு,

பேப்பரில் உன் படம் பார்த்தேன். புதுச் சட்டை போல இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்று நடுவர் தலைவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். அந்த மரம் எங்கிருந்து வந்தது, யார் அறுத்தது, யார் பொய்க் கையெழுத்துப் போட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். நீ ஜனவரி 29 எழுதியதை எழுத்து மாறாமல் பார்த்து எழுதினேன். அம்மாவுக்கு இருந்த ஒரே படத்தையும் வைத்து அனுப்பினேன். பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருப்பாளே, அது. அவள் தோளுக்கு மேலே மாறுகண்ணன் தெளிவாகத் தெரிகிறான். கதவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், என் வார்த்தையைக்கூட நம்பவேண்டியதில்லை.

பிப்ரவரியிலேயே உங்கள் ஆளிடம் சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் நீ இருந்த இடத்திலிருந்து தடுக்கி விழுந்திருப்பாய், அவ்வளவுதான். மேடை ஏறட்டும், உயரத்திலிருந்து விழட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். நான் மயக்கத்தில் கிடந்தபோது நீ அறுத்தாய். நீ சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் அறுக்கிறேன்.

பதில் எழுதாதே.

தங்கை


மார்ச் 19

அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது. நான் அனுப்பிய பிறகு. இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

தபால் ஆபீசுக்கு ஓடினேன். பதிவுத் தபால் பதினெட்டாம் தேதியே சேர்ந்துவிட்டது, கையெழுத்து வாங்கியாயிற்று என்று சீட்டைக் காட்டினார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து வந்து, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள்.

ஒன்பது வயசுப் பிள்ளை பயந்ததற்கு நான் உன்னை என்ன சொல்ல? யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இதை முன்பே எழுதியிருக்கக் கூடாதா நீ?

ஒரு வழி இருக்கிறது. அவர்கள் கேட்டால், என் தங்கைக்குப் புருஷன் போனதிலிருந்து புத்தி பேதலித்துவிட்டது, கண்டபடி எழுதுகிறாள் என்று சொல்லிவிடு. நான் மறுக்கமாட்டேன். எழுதிக் கையெழுத்துக் கேட்டாலும் போட்டுத் தருகிறேன். பைத்தியம் என்று நாலு பேர் சொன்னால் எனக்கு என்ன குறைந்துவிடும், யார் வருகிறார்கள் இந்த வீட்டுக்கு? நீ அங்கே இருந்தால் போதும். அம்மாவின் படத்தை மட்டும் எப்படியாவது திருப்பி வாங்கிவிடு.

நான் பெட்டி கட்டி வைக்கிறேன். நீ வா.

பாப்பா


மார்ச் 23

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் இன்று கிடைத்தது.

நீ சொல்லச் சொன்னதை நான் இருபதாம் தேதியே சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலேயே.

நடுவர் தலைவர் உன் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் முதலாளியிடம் கொடுத்துவிட்டார். பரிசு கொடுத்துப் பேப்பரிலும் வந்த பிறகு அதைத் திருப்பி வாங்கினால் அவருக்குத்தான் தலைகுனிவு. முதலாளி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உங்க தங்கச்சிக்கு மனசு சரியில்லையோ?" என்றார். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா சார், ரொம்ப நாளாவே" என்றேன். சின்ன வயசிலிருந்தே என்றும் சேர்த்துக்கொண்டேன், அதை அவர் கேட்கவே இல்லை. ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். இனி உன் பெயரில் எந்தக் கடிதம் வந்தாலும் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மேலே இருக்கும் அறைக்கு நீ வரமுடியாது. புத்தி பேதலித்தவள் என்று நானே எழுதிக்கொடுத்த உன்னை ஒர்க்‌ஷாப் மாடியில் வைத்துக்கொண்டால், நாலு நாள் பழகியதும் இவள் தெளிவாகத்தானே இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டிய பெட்டியைப் பிரித்துவிடு.

உன் கடிதம் முன்கூட்டியே வந்திருந்தால், நீ சொல்லித்தான் சொன்னேன் என்றாவது இருந்திருக்கும்.

படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முதலாளி அதை மேஜைமேல் வைத்து, அந்த மர முகத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, "இந்தம்மா யாரு? உங்க அம்மாவா?" என்றார். ஆமாம் என்றால் பீரோ நம் வீட்டு பீரோ ஆகிவிடும். இல்லை சார், யாரென்று தெரியாது என்றேன். சரி என்று அதை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார். தெரியாத ஒருத்தியின் படத்தை நான் எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?